பிழையான நீலோற்பலம்

எங்கட பள்ளிக்கூடச் சுவரில இலங்கையின்ர தேசிய மலரை நான்தான் கீறினனான். புத்தகத்தில இருந்த மாதிரியே கடும் ஊதா. கீழே, ‘நீலோற்பலம்: உண்மைக்கும் தூய்மைக்கும் அடையாளம்’ எண்டும் எழுதினன்.

படத்தைத் திறந்து வைக்கிற நாளில மேசைக்கு உண்மையான பூ வேணும் எண்டு வீட்டில சொல்லியிருந்தன். என்ர மனுசன் இறக்கக்கண்டியில கடற்தொழில் செய்தவர். விடியக் கரைக்கு வந்தவர், வலையைக்கூட உதறாமல் ஊருக்குப் பின்னால இருக்கிற குளத்துக்குள்ள இறங்கி ஒரு பிடி பூப் பறிச்சு, இடுப்பில ஈரச் சாரத்தோடயே பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டு வந்தார். வெளிறின நீலம். நுனியில மட்டும் கொஞ்சம் நிறம்.

மற்ற ரீச்சர்மாருக்கு முன்னால எனக்கு வெக்கமாப் போச்சு. “இது சும்மா குளத்துப் பூ. நீங்கள் புத்தகத்தைப் பார்க்கேல்லையே?” எண்டு கேட்டன். சின்ன வயசில இருந்து இதைத்தான் ஊரில நீலோற்பலம் எண்டு சொல்லுறவை எண்டார், மெதுவா. பூவை மதிலில வச்சிட்டுப் போயிட்டார்.

அடுத்த கிழமை ரவுனில போய் ஊதாப் பூக் கிழங்கொண்டு வாங்கி வந்து, கிணத்தடியில சீமெந்துத் தொட்டி கட்டி நட்டார். அதுக்குப் பிறகு வருசா வருசம் அந்தத் தொட்டிப் பூதான் பள்ளிக்கூடத்துக்கு. நானும் பெருமையாக் கொண்டு போவன், விசர் மனுசி.

அவர் நெஞ்சு நோவில செத்த அடுத்த வருசம் செய்தியில சொன்னாங்கள், புத்தகங்களில இருந்தது பிழையான படமாம். அந்த ஊதா, வெளியில இருந்து வந்த கலப்பு இனமாம். தேசிய மலர் வெளிறின நீலமாம். அவர் கொண்டு வந்த அதே குளத்துப் பூ. அதிபர் சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார். நானே அடிச்சன். அண்டைக்கு நான் அழுத மாதிரி செத்தவீட்டில கூட அழேல்லை. பிழை என்னில எண்டு நான் சொல்லுறதுக்கு வீட்டில அவர் இல்லை.

போன மாதம் வந்த மகள், இந்த ஊதா குளங்களுக்குப் பரவினால் எங்கட பூவைக் கெடுத்துப்போடும், பிடுங்கி எறியுங்கோ அம்மா எண்டாள். படிச்ச பிள்ளை, அவள் சொல்லுறது சரிதான். கிணத்தடிக்குப் போய்த் தண்டில கையும் வச்சன். இழுக்க மனம் வரேல்லை.

“ஏலாது பிள்ளை,” எண்டன். “இது பிழையான பூ எண்டு தெரிஞ்சுகொண்டுதான் கொப்பர் பதினொரு வருசம் தண்ணி ஊத்தினவர்.”