மோதிரம் தட்டிய தாளம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படிப்பட்டவராக இருந்தால் ரொம்ப நல்லது. கேட்டு முடித்துவிட்டு எங்கே தப்பு என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், எனக்கு நிம்மதியாக இருக்கும். என் தொழிலே சத்தத்தைச் சுத்தம் செய்வதுதான். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் பாட்டு வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். ஒருமுறை ஒருவர், பூட்டிக் கிடக்கிற வீட்டில் பொம்பளை அழுகிறாள் என்று போனில் பதிவு செய்து கொண்டுவந்தார், முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. ஹெட்போனில் இரண்டு முறை கேட்டேன். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ். இப்படி எத்தனையோ பேய்களை நான் விரட்டியிருக்கிறேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஸ்டெல்லா என்று ஒரு பெண் வந்தாள். நெல்லித்தோப்பில் வீடு, அடுத்த மாதம் கல்யாணம். அவளுடைய அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர் உயிரோடு இருந்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடியதை அவள் அம்மா போனில் பிடித்து வைத்திருந்தார். வாத்தியம் எதுவும் கிடையாது. கையில் இருந்த மோதிரத்தால் மேசையைத் தட்டிக்கொண்டே பாடுகிறார், அவ்வளவுதான்.

"வரவேற்புல நானும் கட்டிக்கப் போறவரும் ஆடப் போறோம்க்கா. புதுப் பாட்டு ஒண்ணு எடுத்து வச்சிருக்கோம். அதுக்கு முன்னாடி அப்பா குரல் வரணும், அப்படியே அதுல இருந்து இதுக்குப் போயிடணும், ஒட்டு போட்டது தெரியவே கூடாது. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா இந்தப் பாட்ட ஒருவாட்டி கூடக் கேக்கல. கேட்டா தாங்கமாட்டேன்னு சொல்லிடுச்சு. ஆனா என் கல்யாணத்துல அப்பா இல்லாம எப்படிக்கா?" என்றாள்.

எனக்கும் அப்பா இல்லை. அதனால் இதை நன்றாகச் செய்து கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டு பாட்டைச் சேர்ப்பதில் பெரிய வேலை இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குவதுதான். சினிமாப் பாட்டு என்றால் மென்பொருளே வேகத்தைக் கண்டுபிடித்துவிடும். மனிதர் தனியாகப் பாடினால் அப்படி இல்லை, உற்சாகம் வந்தால் ஓடுவார், மூச்சு வாங்கினால் தளருவார். நல்லவேளையாக அந்த மோதிரத் தட்டு ஒவ்வொன்றும் திரையில் ஊசி மாதிரி எழும்பி நின்றது. அந்த ஊசிகளை அடையாளமாகப் பிடித்து இழுத்து அவர் பாட்டைச் சீராக்கினேன், புதுப் பாட்டைக் கொஞ்சம் மெதுவாக்கினேன். இரண்டும் கைகோத்த மாதிரி சேர்ந்துகொண்டன. பட்டப்பகல், ஜன்னல் திறந்திருக்கிறது, கீழே மெக்கானிக் கடையில் யாரோ பைக்கை உறுமவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை.

பதிவில் அப்பா பாடி முடிக்கிறார், அம்மா சிரிக்கிறார், பிறகு போனை அணைக்காமல் எங்கோ வைத்துவிட்டார் போல, கொஞ்ச நேரம் வெறும் அமைதி. அந்த அமைதியின் மேல்தான் புதுப் பாட்டைக் கொண்டுவந்திருந்தேன். கடைசியாக ஒருமுறை போட்டுக் கேட்கும்போது, அவர் குரல் நின்ற பிறகும் தட்டு நிற்கவில்லை. டக், டக், டக். புதுப் பாட்டின் டிரம்ஸாக இருக்கும் என்று அதை ஊமையாக்கினேன். தட்டு தொடர்ந்து வந்தது. திரையைப் பார்த்தேன். காலையில் வழவழவென்று கோடாக இருந்த இடத்தில் ஊசிகள் நின்றுகொண்டிருந்தன.

நான்தான் தெரியாமல் நகலெடுத்து ஒட்டிவிட்டேன் என்று நினைத்தேன். ஸ்டெல்லா அனுப்பிய பதிவு என் போனில் கைபடாமல் அப்படியே இருந்தது, அதைப் போட்டேன். அதிலும் தட்டு. சரி, முதலில் நான் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஏதோ ஒரு எண்ணத்தில், போனில் அதையும் கம்ப்யூட்டரில் புதுப் பாட்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். பொருந்தியது. நான் அன்று மதியம் மெதுவாக்கி வைத்த அதே வேகம். அந்தப் புதுப் பாட்டின் நடுவில் ஒரு இடத்தில் இசை சட்டென்று நின்று, எதிர்பாராத இடத்தில் திரும்ப எடுக்கும். தட்டும் அங்கே நின்றது. சரியாக அங்கே எடுத்தது. நம்பினால் நம்புங்கள், அந்தப் பாட்டு வெளிவந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

கீழே போய் என் கணவர் இளங்கோவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஸ்பீக்கர், லைட் வாடகைக்கு விடுகிறவர், ஸ்டெல்லா கல்யாணத்துக்கும் அவர்தான் ஒலி. வந்த உடனே, "ஃபேன் சத்தம்டி" என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பாட்டு தெரிஞ்ச ஆளு தட்டுற மாதிரில்ல இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். "பாடி முடிச்சப்புறமும் அப்பா தட்டிக்கிட்டே இருப்பாராம்மா?"

"இல்லயேக்கா. முடிச்சதும் எழுந்து கை கழுவப் போயிட்டாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். ஏன்க்கா?"

"அந்த மோதிரம் இப்ப வீட்டுல இருக்கா?"

"விரல் வீங்கிடுச்சுன்னு கழட்ட முடியல. அப்பாவோடவே போயிடுச்சு. உப்பளம் கல்லறையில."

விஷயத்தைச் சொன்னேன். "அந்தத் தட்ட எடுத்துடுங்கக்கா, எனக்கு பயமா இருக்கு. பாட்டு மட்டும் இருக்கட்டும்" என்றாள். எடுத்துவிட்டேன். அவர் குரல் முடிகிற இடத்தோடு பதிவை வெட்டி எறிந்தேன். நானும் இளங்கோவும் மாறி மாறிக் கேட்டு, புதுப் பாட்டின் மேல் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அவருடைய லேப்டாப்பில் ஏற்றினோம்.

வரவேற்பு மாதா கோவிலுக்குச் சொந்தமான பங்கு மண்டபத்தில். மேடைக்குக் கீழே முதல் மேசையில் ஸ்டெல்லாவின் அம்மா உட்கார்ந்திருந்தார், அவருக்கு முன்னால் கேக்கும் ஒரு கிளாஸில் வைனும். கணவரின் குரல் வந்ததும் அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். புதுப் பாட்டு தொடங்கியது, ஸ்டெல்லாவும் மாப்பிள்ளையும் ஆடினார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள், "அண்ணே, கொஞ்சம் ஸ்பீடு ஏத்துங்கண்ணே" என்று கத்தவும், இளங்கோ அங்கேயே பாட்டின் வேகத்தை ஏற்றிவிட்டார்.

இசை நின்று எடுக்கிற இடம் வந்தது. வழக்கத்தைவிட நீளமாக நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. மண்டபம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி முடிகிற தறுவாயில் டக், டக் என்று இரண்டு தட்டு கேட்டது, அதற்குப் பிறகுதான் இசை எடுத்தது. அதுவும் இளங்கோ அப்போதுதான் ஏற்றிய புது வேகத்தில். நான் மிக்ஸரைப் பார்த்தேன். சத்தம் வந்தால் எரிகிற விளக்குகள் அந்த நேரத்தில் ஒன்றுகூட எரியவில்லை. இளங்கோ என்னைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருந்தது. ஆடியவர்களோ கூட்டமோ எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் அம்மா என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா பண்ணியிருக்கம்மா."

"உங்களுக்கு... எதாவது கேட்டுச்சாம்மா?"

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் கண்ணு. ஆனா மேசைமேல கைய வச்சிருந்தேன்" என்றார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் போனில் இருந்த பழைய பதிவைப் போட்டேன். பாட்டு, சிரிப்பு, பிறகு சுத்தமான அமைதி. தட்டு இல்லை. கம்ப்யூட்டரில் வெட்டாமல் வைத்திருந்த நகலிலும் இல்லை. இதோடு முடிந்திருந்தால் நானும் இளங்கோவும் வேலைக் களைப்பில் உளறினோம் என்று விட்டிருப்பேன்.

கல்யாண வீடியோவுக்குப் பாட்டு சேர்க்கச் சொல்லி வீடியோக்காரர் பதிவுகளை என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார். அந்த நடனத்தைப் பார்த்தேன். தட்டுச் சத்தம் அதில் பதிவாகவில்லை. ஆனால் ஒரு ஓரத்தில் முதல் மேசை தெரிகிறது. பாட்டு முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, அம்மா எழுந்து பிள்ளைகளை ஆசீர்வதிக்க மேடைக்குப் போய்விடுகிறார். மேசையில் யாரும் இல்லை. ஸ்பீக்கரும் அணைந்துவிட்டது. அவர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன வைன் மட்டும், மண்டப விளக்கின் வெளிச்சம் அதில் விழுந்ததால் நன்றாகவே தெரிகிறது, வட்டம் வட்டமாக அதிர்ந்துகொண்டிருக்கிறது. விட்டு விட்டு, சீராக, கேமரா அந்தப் பக்கம் திரும்புகிறவரை.

அந்த அதிர்வின் வேகத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். அப்பா பாடிய பாட்டின் வேகமும் அது இல்லை, புதுப் பாட்டின் வேகமும் இல்லை. எனக்குத் தெரிந்த எத்தனையோ பாட்டுகளை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பொருந்தவில்லை. இப்போதும் புதிதாக ஏதாவது பாட்டு வெளிவந்தால், கேட்பதற்கு முன்னால் அதன் வேகத்தைத்தான் பார்க்கிறேன்.