சித்தப்பாவுக்கு வந்த உலக ஆர்டர்

ஆணை என்றால் எண், தேதி, கையொப்பம் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது வெறும் தாள். பிற்காலத்தில் அலுவலகத்தில் நான் சொல்லிச் சொல்லி அலுத்த விதி இது. செஞ்சியிலிருந்து சிங்கவரத்துக்குச் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன அன்று இதை யாரும் நினைவூட்டவில்லை.

சித்தப்பா வாத்தியார் வேலைக்கான ஆர்டருக்காகக் காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் நூலகத்துப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு, உலகத்துக்கே புதிய ஆர்டர் ஒன்று, அதாவது புதிய உலக ஒழுங்கு, வரப்போகிறது, பெரிய விஞ்ஞானி ஒருவரே அதை ஆதரித்திருக்கிறார் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வந்தார்.

"அங்க வந்து ஒலகத்தப் பத்தி வாயத் தெறந்த, தெரியும் சேதி" என்று என் நைனா பஸ்ஸிலேயே தம்பியை எச்சரித்திருந்தார்.

பெண்ணின் அப்பா நியாயமாகத்தான் கேட்டார்: "ஆர்டர் இன்னா ஆச்சி தம்பி?"

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "வந்தே தீரும் மாமா. அவ்ளோ பெரிய விஞ்ஞானியே ஆதரிச்சிருக்காரு."

"விஞ்ஞானி சிபாரிசா!" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த ஊருக்குப் போடுவாங்க?"

"ஊரா? ஒலகம் பூரா ஒரே ஆர்டர்தான்."

நைனா சித்தப்பாவின் காலை மிதிக்கப் பார்த்தார். மிதிபட்டது என் கால். பெண்ணின் அப்பா உள்ளே திரும்பி, வடையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்.

காபித் தட்டோடு வந்த பெண் அப்படியே நின்றாள். "அந்த விஞ்ஞானி கேட்டது, நாடுங்க சண்ட போடாம இருக்க ஒரு பொது அரசாங்கம். நீங்க சொல்ற ஆர்டருல அவரு எங்க கையெழுத்துப் போட்டாரு? கேக்க ஒரே மாதிரி இருந்தா அவரு தலையில கட்டிடுறதா?"

அவள் அப்பாவுக்கு மெதுவாக விளங்கியது. "அப்ப... வேல?"

"அது இன்னும் வரல மாமா."

காபி வந்தது. வடை வரவில்லை. "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள்.

"போச்சி. வேலையும் இல்ல, பொண்ணும் இல்ல" என்றார் நைனா, திரும்பும் பஸ்ஸில்.

"ண்ணா, அவங்க சொன்னதுதான் கரெக்ட்டு. நான் ஒழுங்காப் படிக்கல" என்றார் சித்தப்பா, வாயெல்லாம் பல்லாக. தோற்றவருக்கு அப்படி என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. என் துக்கம் வடையோடு நின்றது.

ஆடி மாதத்தில் சம்பந்தப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அதையும் மீறிச் சிங்கவரத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார்.

"பொண்ணு ஒரே பிடிவாதம்ங்க. கட்டுனா இவரத்தானாம். வேல வர்றப்ப வரட்டுமாம்."

அந்த வீட்டில் ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின. வந்த பதிலுக்கு எண் இல்லை, கையொப்பம் இல்லை. தேதி மட்டும் இருந்தது: அன்று ஆடிப் பதினெட்டு.