சித்தியின் மூன்று படங்கள்

அப்பாவின் ஸ்டுடியோ சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருந்தது. நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது மைக்குப் பதிலாகக் கலர் ரிப்பனில் போட்டோ போடும் ரிப்பன் பிரிண்டர் ஒன்று புதிதாக வாங்கினார். அதன் பெருமையைக் கேட்க ஆள் கிடைக்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்த சமயத்தில், எங்களோடு தங்கி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த சித்திக்கு ஒரு வரன் வந்தது. ஜாதகத்தோடு போட்டோவும் கேட்டிருந்தார்கள்.

அப்பா ஒரே படத்தை மூன்று விதமாகப் போட்டார். பழைய இங்க்ஜெட்டில் ஒன்று, காஞ்சிபுரம் கலர் லேபில் கொடுத்து ஒன்று, புது ரிப்பன் பிரிண்டரில் ஒன்று. மூன்றையும் வரிசையாக வைத்துப் பாடமே எடுத்தார். இங்க்ஜெட் படம் தண்ணீர் பட்டால் கரையும். லேப் படம் வருஷக்கணக்கில் நிற்கும். ரிப்பன் படம் காய்ந்தே வெளியே வரும், ஈரக்கை பட்டாலும் ஒன்றும் ஆகாது.

அம்மா காதில் எதுவும் விழவில்லை. லேபில் யாரோ வெளிச்சத்தைக் கூட்டிவிட்டிருந்தார்கள். அதில் சித்தி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தாள்.

“இதாங்க நல்லா கீது. இதையே அனுப்பிடலாம்,” என்றாள் அம்மா.

“அது அவ கலரே இல்ல. ரிப்பன்ல வந்துகீது பாரு, அதான் அவ,” என்றார் அப்பா.

ஷிப்டுக்குக் கிளம்பிய சித்தி மூன்றையும் பார்த்தாள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

கவரில் போட்டு ஒட்டும் வேலை எனக்கு வந்தது. அம்மா கொடுத்த படத்தில் இருந்தது யாரென்றே எனக்குத் தெரியவில்லை. இதை அனுப்பினால் அவர்கள் சித்தியை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்கள்? ரிப்பன் படத்தை உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்துத் தரகர் வந்தார். “பொண்ணு கலர் கம்மின்னு சொல்றாங்கம்மா.”

அம்மா வீட்டைப் புரட்டியதில் வெள்ளைச் சித்தி என் பள்ளிக்கூடப் பையில் அகப்பட்டாள். எனக்கு முதுகில் இரண்டு விழுந்தது. “பிரிண்ட்ல கொற ஒண்ணும் சொல்லலியே?” என்று தரகரிடம் விசாரித்து அப்பாவும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் சித்தி யூனிபார்மைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீயாடி மாத்தி வச்ச? இன்னாத்துக்கு?”

“அந்தப் படத்துல நீ இல்ல சித்தி.”

அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நான் பயந்துபோய், அடுத்த தடவை வெள்ளைப் படத்தையே வைப்பதாகச் சத்தியம் செய்தேன். அவள் அழுகையினூடே சிரித்து, என்னை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அந்த வரன் போனதற்காகத்தான் அழுகிறாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.