தொப்பி வைத்த சமையல்காரி

டீலியா ஹான்ராட்டியின் பெயரைச் சொன்னால் பாஸ்டனில் இன்றும் சில வீட்டு எஜமானிகளுக்கு முகம் சிவக்கும். சிவக்கட்டும். அயர்லாந்துப் பஞ்சத்தில் பிழைத்து, பதினேழு வயதில் தனியாகக் கப்பலேறி வந்தவள் அவள். வெல்மன் வீட்டு அடுப்படியில் வருஷக்கணக்காக வெந்தாள். நான் அதே வீட்டில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தவள். டீலியா தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: பச்சை வெல்வெட் தொப்பி, ஓரத்தில் ஒரு சேவல் இறகு. ஞாயிறு காலைப் பூசைக்கு அதை வைத்துக்கொண்டு போவாள். வேலைக்காரிக்குச் சால்வை, தொப்பி சீமாட்டிக்கு என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்த காலம்.

மாடியில் பார்த்து முடித்த படப் பத்திரிகை அடுப்பு மூட்டத்தான் எங்களிடம் வரும். ஒரு சனிக்கிழமை எஜமானி வெல்மன் அம்மாவே அதை எடுத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கீழே இறங்கி வந்தார்.

படத்தில் ஒரு அடுப்படி. ஒரு சமையல்காரி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். குரங்குத் தாடை, குஸ்திக்காரன் கை, தலையில் இறகு வைத்த தொப்பி. அடுப்புக்கு முன்னால் ஏப்ரன் கட்டிய வீட்டுக்காரி, ஒடிந்து விழுகிற மாதிரி ஒல்லியாக, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். தாடை என்றால் ஐரிஷ்காரி, ஒல்லி என்றால் நல்ல குடும்பம், தொப்பி என்றால் திமிர். எங்களில் ஒருத்திக்கும் அப்படித் தாடை கிடையாது. ஆனாலும் விடாமல் வரைந்தார்கள். நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

"உன்னைப் பாத்து வரைஞ்ச மாதிரியே இருக்கு டீலியா," என்றார் அம்மா. அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டச் சொன்னார். "தினமும் கண்ணுல படட்டும். இனிமே அந்தத் தொப்பியை உன் தலையில பாத்தா, நற்சான்று தராம அனுப்பிடுவேன்."

நற்சான்று இல்லாதவளை அந்த ஊரில் ஒரு வீடும் சேர்க்காது. வெளியே பனி வேறு கொட்டத் தொடங்கியிருந்தது.

"சால்வையையே போத்திக்கோக்கா. தலையில எது இருந்தா என்ன?" என்றேன்.

"உனக்கென்னடி, உன் தலைதான் காலியாச்சே."

பிறகு அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். "இதுல யாருடி வேலை செய்யறா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்கார அம்மா."

"உக்காந்திருக்கறது?"

"குரங்கு."

"தொப்பி வச்சவள்னு சொல்லு," என்றாள்.

மறுநாள் பூசைக்குத் தொப்பியோடு போனாள். திரும்பி வந்தும் கழற்றவில்லை. அதோடேயே மாட்டிறைச்சியை வறுத்தாள். அன்று மதிய விருந்துக்குப் பாதிரியாரும் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். பரிமாறுவது என் வேலை. தட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவளே மேலே போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

இறைச்சித் தட்டை மேசை நடுவில் வைத்தாள்.

"தலையில என்ன அது?" அம்மாவின் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"தொப்பிங்கம்மா. நீங்க மாட்டச் சொன்ன படத்துல ஏப்ரன் கட்டினவ சமைக்கறா, தொப்பி வச்சவ உக்காந்திருக்கா. என் பங்குச் சமையலை முடிச்சுட்டேன். தொப்பியும் வச்சுட்டேன். என் நாற்காலி எதுங்க?"

பாதிரியார் உருளைக்கிழங்கை வெட்ட ஆரம்பித்தார். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"வெளிய போ."

"அதுக்குத்தான் தொப்பி."

ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்கதவுதான் எங்களுக்கு விதித்தது. அவள் முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனாள். பிறகு பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. கடைசியில் லோவெல் ஊரில், மில் ஆட்களுக்குச் சாப்பாடு போடும் விடுதியில் அவளுக்கு அடுப்பு கிடைத்தது. அங்கே நற்சான்று கேட்க ஆளில்லை, பசிதான் இருந்தது.

அன்றைக்குக் கதவு சாத்திய சத்தம் அடங்கியதும் அம்மா என் பக்கம் திரும்பினார். "பாத்துக்கிட்டு நிக்கறியே, போய் மிச்சத்தை நீ சமை."

"எனக்குச் சமைக்கத் தெரியாதுங்கம்மா," என்றேன். பச்சைப் பொய். மடித்து வைத்திருந்த ஏப்ரனை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"அடுப்பு எரிஞ்சுகிட்டுதான் இருக்கு. நீங்க போங்க."