எந்த அச்சா?

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றது. தேங்காய் அரைபட்டுவிட்டதால் அல்ல. கனிமொழி காதைத் தீட்டிக்கொண்டுவிட்டதால். கூடத்தில் இருந்த மேதாவுக்கு அது தெரியும். எதிரே அர்விந்த், கையிலிருந்த காபியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

மேதா டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா மத்திய சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அம்மாவுடன் திருச்சிக்குப் போய்விட, எம்.ஏ. முடிக்கவென்று டெல்லியின் துவாரகா பகுதியில் தோழி கனிமொழியோடு தங்கியிருக்கிறாள். வயது இருபத்திரண்டு. மூச்சுக்கு மூச்சு அவள் வாயில் ஓர் அச்சா. ஆட்டோக்காரர் இருபது ரூபாய் அதிகம் கேட்டாலும் அச்சா, அம்மா போனில் முழங்கால் வலி என்றாலும் அச்சா. காதில் விழுகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

போன சனிக்கிழமை பார்ட்டியில், இரண்டு கிளாஸ் வோட்காவுக்குப் பிறகு, “இன்னிக்கு என் ரூமுக்கு வர்றியா?” என்று அர்விந்த் கேட்டபோதும் அதே அச்சா வந்தது. அவளோடு படிக்கும் அவன் கோயம்புத்தூர்க்காரன், அச்சா என்றால் இந்தியில் நல்லது என்று படித்துவைத்தவன். முகமெல்லாம் பூத்துவிட்டது! கனிமொழிதான் மேதாவை இழுத்து டாக்ஸியில் ஏற்றி வீடு சேர்த்தாள்.

மறுநாளிலிருந்து மேதாவைக் குடைந்தது ஒன்றே ஒன்று. சொன்னது நானா, வோட்காவா?

“ஏட்டி, அப்போ ஒனக்கு ஒண்ணுமே தெரியலையா?” என்று அன்றே கேட்டாள் கனிமொழி.

“அரே, எல்லாம் தெரிஞ்சுது. பயம், நாளைக்கு என்ன ஆகும், எல்லாம். ஆனா மெட்ரோ ஜன்னல்ல பாக்கற போர்டு மாதிரி, படிக்கறதுக்குள்ள ஓடிப்போயிடுத்து. அவன் முகம் மட்டும் கிட்ட நின்னுது.”

“அவனைப் புடிச்சிருக்கா?”

“அதான் தெரியலை!”

தெரிந்துகொள்ளத்தான் இன்று காபிக்குக் கூப்பிட்டிருந்தாள்.

“அர்விந்த், அன்னிக்குக் கேட்டதை இப்போ கேளு.”

காபி அவன் சட்டையில் சிந்தியது. பதற்றம் வந்தால் அவன் பேச்சில் ஊர் வந்துவிடும். “பகல்ல எப்படிங்க கேக்கறது?”

“ஓஹோ! கேள்விக்கும் வோட்கா வேணுமா?”

சமையலறையில் களுக்கென்று ஒரு சிரிப்பு.

“கனி, மிக்ஸியைப் போடு!”

மிக்ஸி ஓடவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேவிட்டான். “என் ரூமுக்கு வர்றியா, மேதா?”

உள்ளே என்ன வருகிறது என்று அவள் காத்திருந்தாள். அதே பயம் வந்தது. இந்த முறை ஓடாமல் நின்றது. ஒவ்வொன்றாகப் படிக்க முடிந்தது. அவன் முகம் இன்றும் பிடித்துத்தான் இருந்தது. ஆச்சரியம்! ஆனாலும் பதில் வேறாக இருந்தது.

“வேண்டாம்.”

அவன் கண் கலங்கிவிட்டது. “அப்போ அந்த அச்சா?”

“கேட்டுதுன்னு அர்த்தம். நீ சரின்னு எடுத்துண்டுட்டே.”

“நானும் மூணு கிளாஸ் குடிச்சிருந்தேன். எந்த அச்சான்னு கேக்கத் தோணலைங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். “நாளைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு, காபிப்பொடி வாங்கப் போறேன். வர்றியா?”

“அச்சா.”

படியில் வைத்த காலை அவன் பின்னுக்கு இழுத்தான். “எந்த அச்சாங்க?”

மேதா கொஞ்சம் யோசித்தாள். “எனக்கே தெரியலை. காலையில சொல்றேன்.”

அவன் தலையசைத்துவிட்டு இறங்கினான். மேதா கதவைச் சாத்தினாள்.