மேல்வீட்டு அம்மி

அம்மியை மாடிக்கு ஏற்றிய அன்றைக்கே புது வீட்டுப் படிக்கட்டின் ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்துவிட்டது. சுண்ணாம்பு வாசம்கூடப் போகாத படி. என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் கல்லுக்குச் சாக்கு சுற்றி, கயிறு கட்டி, "பிடி, பிடி, விட்றாத" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். மேலே நின்ற என் மாமியார் படிக்கு என்ன ஆயிற்று என்றோ, பெற்ற பிள்ளையின் இடுப்புக்கு என்ன ஆயிற்று என்றோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கல்லுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றுதான் கேட்டார். கலியாணமாகி வந்து அப்போது எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்தக் கிழவிக்குக் கல்தான் பெரிது என்று மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டேன்.

கிழவி என்று சொல்லிவிட்டேனே தவிர, அத்தைக்கு அன்று ஒரு முடிகூட நரைத்திருக்கவில்லை. நாங்கள் இருந்த காஜா பெராங்கில் அவரைத் தெரியாத அடுப்படி கிடையாது. மசாலா அரைத்து விற்பது அவருடைய பிழைப்பு. விடியும் முன்பே எழுந்து மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் என்று தனித்தனியாக அரைத்து உருட்டி, பீங்கான் தட்டில் அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடிப் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, கொண்டுபோவார். மீன் கறியா, கோழிக் கறியா, எத்தனை பேருக்கு என்று மட்டும் சொன்னால் போதும். ஒவ்வொரு உருண்டையிலும் கிள்ளி எடுத்து இலையில் மடித்துக் கொடுப்பார். நம் ஆட்கள், மலாய்க்காரர்கள், பக்கத்துக் குடியிருப்பான செட்டி கம்பத்துப் பெண்கள் எல்லோரும் அவரிடம்தான் வாங்குவார்கள். மாமனார் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் போனவர் திரும்பவில்லை. மகனை வளர்த்து ஆளாக்கியது இந்த அம்மிதான்.

அதற்கு முன்னால் நாங்கள் இருந்தது வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீட்டில், ஒரே அறை. நடுவில் ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டி, அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் நாங்கள். புதுசாகக் கலியாணமானவர்கள் சேலைத் திரைக்குப் பின்னால் எப்படிக் குடும்பம் நடத்துவது? நான் திரும்பிப் படுத்தால் அத்தை இருமுவார். அத்தை இருமினால் இவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். குழாயடியில் வரிசை, கக்கூசுக்கு வரிசை. நாட்டுக்கு மெர்டேக்கா, நம் பேச்சில் சுதந்திரம், கிடைத்த பிறகு, ஏழைகளுக்கு அரசாங்கம் வீடு கட்டுகிறது என்று பேச்சு வந்தபோது யாரும் நம்பவில்லை. பிறகு சதுப்பு நிலத்தில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டினார்கள். கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று வரிசையாகச் சுவர் எழும்பியது. சாயங்காலம் ஆனால் லயனே கிளம்பிப்போய் வேடிக்கை பார்க்கும். உள்ளேயே குழாய் என்று ஒருத்தி வாயைப் பிளப்பாள், மின்சார விளக்கு என்று இன்னொருத்தி. நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். உள்அறைக்குக் கதவு இருந்தது.

வீடு குலுக்கலில் எங்களுக்குக் கீழ்வீடு விழுந்தது. எல்லோரும் "கொடுத்து வச்சவங்க" என்று பொறாமைப்பட்டார்கள். படியேற வேண்டாம், விறகு சுமக்க வேண்டாம், பின்னால் கொஞ்சம் சிமெண்டுத் தரையும் உண்டு. அத்தையின் முகம் மட்டும் தொங்கிப்போயிற்று. "மேல ஆளு இருப்பாங்களே. சாமி தலைக்கு மேல நடப்பாங்களே" என்றார். அந்த இடத்திலேயே கூட்டத்துக்குள் புகுந்து, எங்களுக்கு நேர் மேல்வீடு விழுந்தது யாருக்கு என்று தேடிப் பிடித்துவிட்டார்.

அவர் ஒரு நோன்யா, மலாய் பேசும் சீனத்து அம்மா. கடைவீட்டுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு ஒன்றில் மகனோடு வாடகைக்கு இருந்தவர். கணவர் அந்தத் தடுப்புக்குள்ளேயே இறந்துபோனாராம். முட்டி வலியால் சுவரைப் பிடித்து நடப்பவர். மாடி என்றதும் அழுகிற நிலையில் இருந்தார். அத்தை தன் பாசார் மலாயில், எங்கள் சாமி தலைக்கு மேலே கால் படக்கூடாது, நீ கீழே எடுத்துக்கொள், நான் மேலே போகிறேன் என்றார். நோன்யா அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதிகாரிகளும் சரியென்று சாவியை மாற்றிக் கொடுத்தார்கள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. ஆனால் மாடியிலும் உள்அறைக்குக் கதவு இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் அந்தக் கதவைச் சாத்திவிட்டு நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். இவர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை, சாத்தியிருக்கிறது என்றேன். சொன்னால் சிரிப்பீர்கள், அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கலியாணத்தன்றுகூட இல்லை.

அடுப்படி ஒடுக்கமாக இருந்ததால் அம்மியை முன்னறை மூலையில் போட்டார்கள். எதிர்ச் சுவரில் சாமி படங்கள். விடிவதற்கு முன்னால் கடகடவென்று குழவி உருளும். நடுநடுவே தூக்கி வைக்கும்போது தொம்மென்று தரை அதிரும். லயனில் மண் தரை, சத்தம் மண்ணோடு போய்விடும். இது சிமெண்டுத் தரை. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. இதற்கு முன்னால் எங்கள் காலுக்குக் கீழே இன்னொரு குடும்பம் இருந்ததே இல்லையே!

ஒரு மாதம் போயிருக்கும். அரசாங்க வீட்டுப் பிரிவிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். மலாய்க்காரர், மரியாதையான மனிதர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கீழ்வீட்டிலிருந்து புகார் வந்திருக்கிறது, குடியிருக்கும் வீட்டில் வியாபாரம் செய்யவும் கூடாது, அடுத்த முறை நான் வரும்போது மேலே கல்லும் இருக்கக்கூடாது, வியாபாரமும் நடக்கக்கூடாது, இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சாவியத்தானே கேக்குறான், குடுத்துட்டு லயனுக்கே போயிருவோம்" என்று அத்தை குதித்தார். "யாரு வூட்டுல உக்காந்துக்கிட்டு யாரு மேல புகார் குடுக்குறா? நா வுட்டுக்குடுத்த வூடு அது! கல்ல வுட்டுட்டு நா என்னாத்த திங்கிறது?"

திரும்பவும் அந்தச் சேலைத் திரையா? அப்போது நான் முழுகாமல் வேறு இருந்தேன். "அத்தை, கொஞ்சம் பொறுமையா பேசுங்க" என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினேன். அவர் கொண்டையை முடிந்துகொண்டு தடதடவென்று படியிறங்கி, கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, என் வீட்டுச் சத்தம் உன் காதைக் குத்துகிறதா என்று மலாயில் ஒரு பிடி பிடித்தார்.

நோன்யா பதிலுக்குக் கத்தவில்லை. அவர் மலாயில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "சத்தமா? எனக்குச் சத்தம் புடிக்கும் தங்கச்சி. அரைக்கிற சத்தம் கேக்காத வீடு ஒரு வீடா? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப என் மாமியார் மொகத்தையா பாத்தாங்க? அடுப்படிக்குப் பின்னால நின்னு நான் அரைக்கிற சத்தத்தத்தானே கேட்டாங்க! சத்தத்துக்காக நான் புகார் குடுக்கப் போவல. இங்க வந்து பாரு."

முன்னறை மூலையில், எங்கள் அம்மிக்கு நேர் கீழே, சிவப்பு மேசை ஒன்றில் அவருடைய கணவரின் படம் இருந்தது. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முன்னால் ஊதுவத்திச் சாம்பல் கிண்ணம். அதிலிருந்து சாம்பல் மேசையெல்லாம் சிந்திக் கிடந்தது.

"தெனமும் காலையில இவரை நான் நிமித்தி வக்கிறேன். நீங்க நடக்கிறதப் பத்திகூட ஒண்ணும் சொல்லல. ஆனா சாமி தலைக்கு மேல கால் படக்கூடாதுன்னு அன்னைக்கு நீதானே சொன்ன? எங்க ஆளு தலை மேல நீ கல்லப் போட்டு உருட்டுறியே."

அத்தை மெதுவாக மேசையருகே போனார். படத்தை நிமிர்த்தினார். சிந்திய சாம்பலை ஒரு கையால் ஒதுக்கி மறு கையில் ஏந்தி, ஒரு துளி விடாமல் கிண்ணத்தில் போட்டார். கையைச் சேலையில் துடைக்கவில்லை, திருநீறு போல நெற்றியில் தடவிக்கொண்டார். "நாளைக்கு அரைக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டார்.

சொன்னபடியே மறுநாள் வீடு சத்தமில்லாமல் விடிந்தது. அத்தை அம்மி பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஊறப்போட்ட மிளகாய் சட்டியில் அப்படியே கிடந்தது. எனக்குக் கதவு மிஞ்சும் என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாவமாக இருந்தது, அழுகை வந்தது. அந்த நேரத்தில் கீழேயிருந்து நோன்யாவின் குரல். சத்தத்தையே காணோமே, உடம்புக்கு என்ன என்று கேட்டார். அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். நோன்யா விடவில்லை. "என் பின்பக்கம் சும்மாதானே கெடக்கு? கல்லைக் கொண்டாந்து இங்க போடு. மண்ணு மேல கட்டுன தரை, யாரு தலையும் ஆடாது" என்றார்.

சிநேகிதர்களைத் திரும்பவும் கூப்பிட்டு, திரும்பவும் சாக்கு சுற்றி, கல்லைக் கீழே இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது.

அதிகாரி சொன்னபடி வந்தார். மேலே பார்த்தார், கல் இல்லை. தலையாட்டிக்கொண்டு படியிறங்கியவர், பின்பக்கத்துச் சத்தம் கேட்டு அங்கே போனார். அத்தை உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு பேசின் நிறைய அரைத்த மிளகாய். வியாபாரம் கூடாது என்று சொன்னேனே, இது யாருடைய கல் என்று கேட்டார். அத்தை வாயைத் திறப்பதற்குள் நோன்யா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார்.

"இனி குவா புன்யா" என்றார். இது என்னுடையது.

கல் மட்டுமல்ல, மிளகாயும் தன்னுடையதுதான், முட்டி வலி என்பதால் மேல்வீட்டுத் தங்கச்சி அரைத்துத் தருகிறாள் என்றார். இவ்வளவுமா என்று அதிகாரி பேசினைக் காட்டினார். என் மகனுக்குக் காரம் பிடிக்கும் என்றார் நோன்யா, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். பின்னால் நின்ற அந்த மகன் வயிற்றுப் புண்ணுக்குக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்; அவரும் பாவம் தலையை ஆட்டினார். அதிகாரி பேசினைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். "பார்த்துச் சாப்பிடுங்கள், வயிறு கெட்டுவிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அவர் வந்ததே இல்லை. நான் மேலே ஓடிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நமக்காக அந்த அம்மா வாய் தொறந்து சொல்லிட்டாங்க. அது பொய்யாப் போவக் கூடாது. இன்னியிலேர்ந்து அது அவங்க கல்லுதான்." அதற்குப் பிறகு, அரைக்கப் போகும்போதெல்லாம் உத்தரவு கேட்டுத்தான் உட்காருவார். நோன்யாவும் வீட்டுக்காரியாக லட்சணமாக, மல்லி இன்னும் மைபோல ஆகவில்லை என்று குறை சொல்லுவார்.

நான் இப்போது புக்கிட் ரம்பாயில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஊர் பூராவும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. லிப்ட் இருக்கிறது, படியில் கல் சுமக்க வேண்டாம். ஆயர் குரோ பக்கம் போகும்போதெல்லாம் புதுசாக ஒரு வரிசை கண்ணில் படுகிறது. ரூம் சின்னது, சுவர் மெல்லிசு என்று பேரப்பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும், கேட்டால்தானே பெரிதாகக் கட்டுவார்கள். ஆனால் யார் என்ன குறை சொன்னாலும், கூரையில்லாதவனுக்கு ஒரு கதவும் சாவியும் கையில் வருவதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. அதைப் பேசும்போதெல்லாம் காஜா பெராங்கில் ஒரு மத்தியானம்தான் ஞாபகத்துக்கு வரும்.

என் மூத்தவள் பிறந்திருந்த சமயம். நோன்யா அவளைப் பார்க்க மாடியேறி வந்தார். அவர் அந்தப் படியில் ஏறியது அந்த ஒரு முறைதான். கையில் ஒரு சின்னப் பாத்தேக் துணியும் பலகாரமும். நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு கையையும் ஊன்றி எழுந்து வந்தார். எங்கள் முன்னறையில் தொட்டில், தையல் மெஷின், மசாலா மூட்டை, துணிப் பெட்டி எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன. அம்மி இருந்த மூலை மட்டும் வெறுமையாக இருந்தது. பெருக்கித் துடைத்து, ஒரு சின்னக் கோலம். தொட்டிலையாவது அங்கே போடலாமே என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "அங்க வேணாம்" என்பதோடு அத்தை பேச்சை முடித்துவிடுவார்.

நோன்யாவும் அதைத்தான் கேட்டார். இத்தனை நெருக்கடியில் அந்த இடத்தை ஏன் சும்மா விட்டிருக்கிறாய் என்றார்.

அத்தை ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி நெளிந்தார். "கீழ உங்க ஊட்டுக்காரரு இருக்காரே. அவரு தலை மேல எப்படி நடக்கிறது?"

நோன்யா அந்தத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "உயிரோட இருந்த வரைக்கும் அந்த மனுசனுக்குன்னு இவ்வளவு எடம் எங்கயுமே கெடைக்கல."