அறுத்த புத்தகத்தின் பின்பாதி

மகள் ஒரு சிறுவர் துப்பறியும் கதையை வாசித்து முடித்து என் மடியில் போட்டாள். பழுப்புத் தாளின் வாசம் மூக்கில் ஏறியது. அட்டையில் அதே கலங்கரை விளக்கு. யாழ்ப்பாணத்தில் மறுபடியும் பன்னிரண்டு வயதுக்காரனாகிவிட்டேன்.

ஒருவர் வாசித்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும் பொறுமை எனக்கும் என் கூட்டாளி நிஸ்தாருக்கும் கிடையாது. அவனுடைய வாப்பாவின் இரும்புக்கடையில் இருந்த மரமறுக்கும் வாளால் இதே கதைப் புத்தகம் ஒன்றை நடுவே அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்தோம். பின்பாதி அவனுக்கு. இந்தத் தொடரில் நல்லவன்போலச் சிரிப்பவன்தான் எப்போதும் வில்லன் என்று கண்டுபிடித்த மகா துப்பறிவாளன் நான். முன்பாதியை முடித்துவிட்டு, வாலாட்டிய நாயைக்கூடச் சந்தேகித்தேன்.

"ஆரடா கள்ளன்?"

"நாளைக்குச் சொல்லுறன். நித்திரையில்லாமல் கிட, விசரா!"

மறுநாள் இயக்கத்தின் ஒலிபெருக்கி வண்டி வந்தது. முஸ்லிம்கள் எல்லோரும் உடனே ஊரைவிட்டுப் போக வேண்டுமாம். துவக்கைத் தோளில் மாட்டி நின்றவர்கள் பைகளைக்கூடப் பறித்தார்கள். தன் உம்மாவின் பின்னால் வெறுங்கையோடு நடந்த நிஸ்தாரிடம் ஓடினேன். ஆயிரம் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"டேய், கள்ளன் ஆர்?"

அழுத முகத்தோடு சிரித்தான். "வந்து சொல்லுறன்டா."

அவர்களுடைய தெருவில் வீட்டுக் கதவுகள் திறந்தே கிடந்தன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே யாரோ பக்கம் புரட்டுவது போலக் கேட்கும். சைக்கிளை விழுந்தடித்து மிதிப்பேன்.

"அப்பா, ஆர் கள்ளனெண்டு சொல்லட்டே?" என்றாள் மகள்.

"ஐயோ பிள்ளை, சொல்லிப்போடாதை!"

எனக்குத் தெரிந்துவிட்டால், நிஸ்தார் வந்து சொல்ல ஒன்றும் மிஞ்சாது.